சுடாத துப்பாக்கிக்கு எண்ணெய்

முதலாளி கூ மூன்று புட்டிகளை
என் மேசையில் வைத்தார்.
ஜெலுத்தோங் கடையில் வாங்கியவை,
விலைச்சீட்டுகூட உரிக்கவில்லை.
"எது மலிவோ அதை எழுது"
என்று சொல்லிவிட்டுப் போனார்.
வாசலில் அவர் கார்
ஏசியை ஓடவிட்டுக் காத்திருந்தது.

பதினொரு பம்ப் துப்பாக்கி,
ஓர் இரும்புப் பெட்டகம்,
ஒரு பேரேடு. பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து.
வங்கி வாசலுக்கு நான்கு
நகைக்கடைகளுக்கு ஐந்து
பண வண்டிக்கு இரண்டு.
ஒன்பது வருடத்தில் ஒருதரம்கூட வெடித்ததில்லை,
பயிற்சித் திடலில்
ஆண்டுக்கு ஐந்து தோட்டா தவிர.

முதல் புட்டி கரைப்பான்.
குழலுக்குள் படிந்த கரியை உரித்தெடுக்குமாம்.
லேபிளில் ஒரு மான்,
பனி, ஊசியிலைக் காடு.
எங்களுக்குக் கரி ஏது?
திறந்து முகர்ந்தேன். ஒரு மணி நேரம் தும்மல்.

இரண்டாவது, எல்லார் வீட்டிலும் இருக்கிற தெளிப்பான்.
கதவுக் கீல், சைக்கிள் சங்கிலி,
மழையில் நனைந்த மோட்டார் பிளக்,
எதற்கும் சரி என்பார்கள்.
ஈரத்தை விரட்டும்.
பிறகு தானும் ஓடிப்போகும்,
கடன் வாங்கிய மச்சான் மாதிரி,
பிசினை மட்டும் வைத்துவிட்டு.

போன மழைக்காலம் முழுக்க இதைத்தான் அடித்தோம்.
தீபாவளிக்கு முந்தின வாரம்
பினாங்கு ஸ்திரீட் நகைக்கடையில்
ரோஸ்லானின் பம்ப் அசைய மறுத்தது.
கடைக்குள் தாலிக்கொடி பார்க்கிற கூட்டம்.
கடைக்காரர் கண்ணுக்கு அது துப்பாக்கி.
ரோஸ்லானுக்கு மட்டும் தெரியும்
அது குழாய் என்று.
பூட்டும் நேரம் வரைக்கும்
குழாயைத் தூக்கிக்கொண்டு
முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு
நின்றிருக்கிறார்.
இரவு என்னிடம் ஒப்படைக்கையில்
கை நடுங்கியது. ஒன்றும் கேட்கவில்லை நான்.
பேரேட்டில் "பழுது" என்று எழுதினேன்.

துரு கடலிலிருந்து வருகிறது என்பார்கள்.
பாதிதான்.
மீதி கையிலிருந்து.
இடப்பக்கம் நான்கு செம்புள்ளி என்றால் குணாளன்.
விசைக்கு மேலே பிறை போல என்றால்
பூர்ண பகதூர், பெருவிரலை அங்கேதான் வைப்பார்.
தணிகாசலத்தின் துப்பாக்கியில் மட்டும் துருவே இல்லை.
"என் ரத்தத்தில் இருக்கிறதெல்லாம் சீனிதானே,
உப்புக்கு இடம் ஏது" என்று சிரிப்பார்.
வேர்வையில் பெயர் எழுதுகிற இவர்களுக்கு
பேரேடு எதற்கு என்று
சில நாள் தோன்றும்.

மூன்றாவது புட்டி
நாற்பத்திரண்டு வெள்ளி.
படம் இல்லை, சின்ன எழுத்து.
நான் லேபிளை நம்புகிறவள் இல்லை.
நான்கு ஆணி வாங்கினேன்,
புட்டிக்கு ஒன்றாகத் தடவினேன்.
நான்காவதற்குத் தேங்காயெண்ணெய், குணாளன் பிடிவாதம்.
கடலைப் பார்த்த கழிப்பறை ஜன்னலில்
நூல் கட்டித் தொங்கவிட்டேன்.
பன்னிரண்டு நாள்.
மான் மூன்றாம் நாளே சிவந்தது.
மச்சான் ஏழாம் நாள்.
தேங்காயெண்ணெயில் எறும்பு.
மூன்றாம் ஆணி
வாங்கினபடியே இருந்தது.

அதை எழுதி அனுப்பினேன், மூன்று புட்டி என்று.
காரணம் என்ற கட்டத்தில்
ரோஸ்லானைப் பற்றி எழுதத் தொடங்கி
அடித்துவிட்டேன். "கடல் காற்று" போதும்.
கீழே மலர்க்கொடி த/பெ சின்னப்பன்.

கூ மூன்றை அடித்து ஒன்று ஆக்கினார்.

ஒரு புட்டி, பதினொரு துப்பாக்கி, ஓர் ஆண்டு.
குணாளன் கையில் கொடுத்தால்
நெய்த்தோசைக்கு ஊற்றுவது போல் ஊற்றுவார்.
தூசி வந்து அப்பிக்கொள்ளும்,
சட்டையில் கறை, கடைக்காரர் முணுமுணுப்பு.
தணிகாசலம் சட்டைப்பையிலிருந்து
பிரிக்காத இன்சுலின் ஊசி ஒன்றை நீட்டினார்.
"அளந்து போடும்மா."

வெள்ளிக்கிழமை, பண வண்டி வருமுன்,
பழைய பனியன் துணி மடியில்.
தண்டவாளத்துக்கு இரண்டு கோடு அளவு,
பூட்டுக்கு ஒன்று.
ரோஸ்லானுடையதற்கு மூன்று கோடு போட்டேன்.
பம்பை இழுத்துப் பார்த்தேன்.
அந்தச் சத்தம் கேட்டு
வாசலில் பசியாறிக்கொண்டிருந்தவர்
ரொட்டியைக் கையில் பிடித்தபடி
திரும்பிப் பார்த்தார்.