வெஸ்காவுக்கு இது பிடிக்கவில்லை

டிராம் ஓட்டி முடித்து வந்தாள் ரவுஹா.
தம்பேரேயில் மூன்று மணிக்கே இருட்டு.
பூட்சுப் பனி கம்பளத்தில் கரைய
விளையாட்டைத் திறந்தாள்.

பெட்டியைத் தொட்டால் பேசுவான்,
பாலத்தில் வழியை மறிப்பான்,
சண்டை வந்தால் முதல் ஆளாய் விழுவான் வெஸ்கா.
“தொணதொணப்பு. கழற்றிவிடப் போகிறேன்.”

“எனக்கு அவன்தான் உயிர்” என்றான் பெக்கோ,
உருளைக்கிழங்கு உரித்தபடி.
“நான் காபி போடப் போனாலும்
தீ மூட்டிக் காத்திருக்கிறான். வேறு யார் இருக்கிறார்கள்?”

அவள் சொல்லாதது:
நேற்றிரவு, குருட்டுப் பிச்சைக்காரனின்
மூன்று காசை எடுத்தாள்.
திரையோரம் எழுந்தது சின்ன எழுத்து:
வெஸ்காவுக்கு இது பிடிக்கவில்லை.

எடுக்கப் பொத்தான் இருந்தது.
திருப்பிக் கொடுக்க
எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தாள்.

அவன் ஒன்றும் பேசவில்லை,
அந்த ஒருமுறை மட்டும்.