வழி

ஆமர் வீதியில், டயர் கடைக்கு மேலே,
முட்டை அட்டைகள் ஒட்டிய அறை.
ஒலிப்பதிவு நான். உருது தெரியாது.
ஷெஹ்சாத் எங்கே மூச்செடுப்பான் என்று மட்டும் தெரியும்.

பகலில் கெய்சர் தெருவில்
மாமனார் கடையில் துணி அளக்கிறான்.
இரவில் யார் கணக்கில் சொல் கிழிக்கிறான்.
பதினொரு வருடம்.
கொழும்பில் மொத்தம் நாலு மேடை;
ஒன்றில், கல்யாண வீட்டார்
மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

புதுப் பாட்டில் ஓர் இடம் காலியாகவே கிடந்தது.
ஒருநாள் போனில் பிடித்து வந்தான்:
மூட்டை தூக்கும் நாட்டாமி ஒருவர்
“வழி, வழி, வழி!” என்று கத்துவதை.
தாளத்தில் அப்படியே உட்கார்ந்தது.

இப்போது லாகூரில் பையன்கள்
அதைத்தான் கூடிக் கத்துகிறார்களாம்.
‘வலீ’, இறைநேசர் என்கிறானாம் ஒருவன்.
ஷெஹ்சாத் திருத்தவில்லை.
எனக்கும் சில இரவுகளில் வலி என்றுதான் கேட்கிறது.
எங்கள் பக்கத்து நாக்கில் ழ ஏறாது.

முதல் காசு வந்ததும்
பங்கு கொடுக்கத் தேடிப்போனோம்.
அவரேதான். அதே குரல்.
கவரை நீட்டினான் ஷெஹ்சாத்.
மனிதர் நிற்கவில்லை,
முதுகில் மூன்று பொதி.
நடுத்தெருவை மறித்துக்கொண்டு
நின்றது நாங்கள்தான்.