பிழைப்பு வீதம்

பேராசிரியர் பதவிக்கான படிவம், பதினோராம் பக்கம்.
மொத்த மேற்கோள்கள்: ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு.
என்னை நானே சொன்னவற்றை நீக்கச் சொல்கிறது அடிக்குறிப்பு.
அறுபத்திரண்டு.
ஒவ்வொன்றாக நீக்கும்போது
ஆடாத பல்லைப் பிடுங்குவது போலிருந்தது.

எச் சுட்டெண் பதினேழு.
பக்கத்து அறை விஜேநாயக்காவுக்கு இருபத்திரண்டு.
அவர் எலிகளோடு வேலை செய்கிறார்.
எலிகள் கிளினிக்குக்கு வராமல் விடுவதில்லை.

கோள் சொன்னால் உறவு முறியும்.
மேற்கோள் சொன்னால் சம்பளம் கூடும்.

அதிகம் சொல்லப்பட்டது எட்டு வருஷம் பழையது:
துறைமுகத் தொழிலாளரில் வாய்ப் புற்று,
அறுவைக்குப் பின் ஐந்தாண்டுப் பிழைப்பு வீதம்.
ஐம்பத்தெட்டுப் பேர்.
முன்னூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்,
லக்னோவில், சாவோ பவுலோவில்,
நான் வரைபடத்தில் தேடிப் பார்த்த ஓர் ஊரில்.
பாதிப் பேர் வாசிக்கவில்லை, தெரியும்.
முதலில் ஒருவர் என் பெயரில் விட்ட எழுத்துப்பிழையை
நாற்பது பேர் அப்படியே சுமந்து போகிறார்கள்.

இரண்டாம் அட்டவணையின் கடைசி வரி
ஒருவருக்கும் தேவைப்படவில்லை:
தொடர்பு அறுந்தோர், ஒன்பது.

போன சனிக்கிழமை
மகரகமவிலிருந்து நூற்று முப்பத்தெட்டில் வந்து
புறக்கோட்டையில் இறங்கினேன்.
நடைபாதையில் கைபேசி உறை விற்றவன்
"டொக்டர்" என்றான்,
முழுதாகத் திறக்காத வாயால்.

தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கிய தழும்பை
முதலில் அடையாளம் கண்டேன்.
பிறகு முகம். பிறகு இலக்கம், முப்பத்தொன்று.
பெயர் கடைசியில்தான் வந்தது: சந்தியாகு.

ஏன் வரவில்லை என்று கேட்டேன்,
பதினான்கு வருஷம் பிந்தி.
"நல்லாத்தானே இருந்திச்சு. அதான் வரல்ல.
கிளினிக்குல ஒரு நாள் குந்தினா
ஒரு நாள் கூலி போகுது.
பிழைப்பப் பாக்கணுமே, டொக்டர்."

நாங்கள் தேடாமல் இல்லை.
ஏழு தடவை தொலைபேசி.
கொட்டாஞ்சேனை முகவரிக்கு இரண்டு கடிதம்.
அதன் பிறகே வளைகோட்டில் அவனை
ஒரு சின்னக் குறுக்குக் கீறலாக நிறுத்தினோம்,
இருபத்தாறாம் மாதத்தில்.
புள்ளிவிபரத்தில் அது பிழையில்லை.
செத்தான் என்று சொல்லாது,
இருக்கிறான் என்றும் சொல்லாது,
இதுவரை பார்த்தோம் என்று மட்டும் சொல்லும்.
அந்தக் கீறலும் போயிருக்கும் சாவோ பவுலோவுக்கு.

உன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்றேன்.
"என் பேர் இருக்கா அதுல?"
பேர் போடக் கூடாது.
"அப்ப அது நான்தான்னு எப்புடித் தெரியும்?"
ஒரு பஸ் நீளமாக ஹோர்ன் அடித்துப் போனது.
நான் அதைப் பார்த்தேன்.

பக்கத்தில் வெற்றிலைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
நான் திரும்புவதற்குள்
"வெள்ளிக்கிழம மட்டும்" என்றான்.
அன்று சனிக்கிழமை.
அவன் உதடு சிவந்திருந்தது.

திட்டினேன். சிரித்துக்கொண்டு நின்றான்.
புதிய நம்பர் தந்தான்,
அடுத்த வியாழன் வருகிறேன் என்றான்.
நானூறு ரூபாய் உறையை முன்னூற்றைம்பதுக்குக் கட்டினான்,
எனக்காம்.

படிவத்தின் கடைசிக் கேள்வி:
ஆய்வின் சமூகத் தாக்கம், இருநூறு சொற்களுக்குள்.
முப்பத்தொன்று உயிரோடு இருக்கிறார்,
மெயின் வீதி, பிற்பகல் மூன்று மணி
என்று அடித்தேன்.
அழித்தேன்.
தேசிய வழிகாட்டலில் இடம்பெற்றது என்று எழுதினேன்.
அதுவும் உண்மைதான்.

வியாழன் வந்தது. அவன் வரவில்லை.
நம்பர் வேலை செய்கிறது, அடிக்கிறது,
யாரும் எடுப்பதில்லை.

உறை என் கைபேசிக்குச் சரியில்லை.
கமராத் துளை அரைவிரல் தள்ளி இருக்கிறது.
படமெடுத்தால் ஒரு மூலை எப்போதும் கறுப்பு.
கழற்றவில்லை.