கிட்டப் பூச்சியம்

துவக்கு என்றால் எங்களுக்கு இரண்டும்:
ஆரம்பி என்று ஏவுவதும் அதுதான்,
சுடுகிற சாமானும் அதுதான்.
பேர்ன் பக்கத்துச் சிக்னாவில்
எந்த அர்த்தத்தில் படுத்திருக்கிறேன் என்று தெரியாமல்
சுடுமனையின் றப்பர் விரிப்பில்
வயிறு குளிரப் படுத்திருக்கிறேன்.

குழுவுக்கு ஓராள் குறைந்தது.
கேத்தி ஸ்பிண்டன் கேட்டாள்: கை நடுங்குமா உனக்கு?
பதினொரு வருசம் பாற்கட்டி ஆலையில்
திரை வெட்டின கை, என்றேன்.
போதும் என்றாள்.

இருநூற்றெண்பது பிராங்குக்கு ஒரு பழைய கராபைன்.
கட்டையில் ஆரோ பல்லால் கடித்தது போல் ஒரு வடு.
பின்குறியில் ஒன்றிலிருந்து பதினைந்து மட்டும் எண்கள்,
ஒவ்வொன்றும் நூறு மீற்றர்.
பதினைந்தில் ஏற்றிப் பார்த்தேன்.
குழல் மலைக்கு மேலே
மேகத்தைக் குறிவைத்தது.

எந்தத் தூரத்துக்குப் பூச்சியம் வைக்கப்போகிறாய்?
கேத்தியின் வாயில் ஒரு திருகாணி.
ஒன்றுமில்லாததை ஏன் வைக்கவேண்டும்
என்று கேட்க வந்து, விட்டுவிட்டேன்.
எங்கள் பள்ளத்தில் இருப்பது முந்நூறுதான்:
ஓடை, வண்டிப்பாதை,
வேலிக்கு வெளியே ஃபாங்க்ஹவுசரின் மாடுகள்,
எதிர்மேட்டில் ஆறு வெள்ளைப் பலகை.
மறுபள்ளத்தில் நூறும் உண்டு, சிலர் அதற்கு வைப்பார்கள்,
உன் இஷ்டம், என்றாள்.

நூறு எனக்குத் தெரியும்.
நூறில் ஒருவர் மேற்பொத்தான் போடாதது தெரியும்.
நடையை வைத்தே இன்னார் எனலாம்.
கூப்பிட்டால் திரும்புவார்.
முந்நூறில் ஒரு கறுப்பு வட்டம்,
அதையும் முன்குறி பாதி மூடிவிடும்.
கூப்பிட்டால் மலைதான் பதில் சொல்லும்.

முந்நூறு, என்றேன்.

முதல் மூன்று சன்னமும் ஒரு சாண் மேலே.
முன்குறியைக் குறைக்கட்டா?
தலைகீழாய் யோசிக்கிறாய்.
சன்னம் மேலே போனால் முன்குறியை உயர்த்து,
அது உயர்ந்தால் குழல் தலை குனியும்.
ஆறு தசம் இரண்டைக் கழற்றி
ஆறு தசம் ஐந்தைத் தட்டி இறக்கினாள்.
அந்தச் சின்னத் தட்டலுக்கு
மூன்று வெடிக்கும் அசையாத மாடொன்று நிமிர்ந்து பார்த்தது.

பிறகு ரவைப்பெட்டியின் முதுகில் பென்சிலால் கீறினாள்.
பார்வை நேர்கோடு.
சன்னம் அப்படியில்லை;
கண்ணுக்குக் கீழே கிளம்பி, ஏறி,
கோட்டைத் தாண்டி ஒரு சாண் மட்டும் மிதந்து,
களைத்து,
முந்நூறில் வந்து திரும்பவும் தொடும்.

அப்ப இது?
வளைவு முதல்முதல் பார்வையை வெட்டும் இடத்தில்
விரலை வைத்தேன்.

அதுவும் பூச்சியம்தான். இருபத்தைந்து மீற்றர், கூடக்குறைய.
அதை ஒருவரும் தெரிவுசெய்வதில்லை.
தூரத்துப் பூச்சியத்தைத் தெரிவுசெய்தால்
கிட்டத்துப் பூச்சியம் தன்பாட்டில் வரும்.

இருபத்தைந்து.
ஓடைக்கு இப்பால் காஞ்சோன்றி மண்டின இடம்.
அங்கே ஒன்றுமில்லை.
இரண்டு தரம் பார்த்தேன்.

கிணற்றடியிலிருந்து பதுங்குகுழி வாசலுக்கு
எட்டு வயதில் நாற்பத்திரண்டு எட்டு.
அளந்தது நான்தான்,
சத்தமில்லாத ஒரு மத்தியானம்,
வேறு விளையாட்டு இல்லாததால்.

இன்னும் ஐந்து இருக்கு, என்றாள் கேத்தி,
பன்னிரண்டுக்குத் தேவாலய மணி அடித்தால் நிறுத்தவேண்டும்.
பாதி மூச்சை விட்டேன். மீதியைப் பிடித்தேன்.
ஒன்பது.
எட்டு.
ஒன்பது.
பத்து என்று திரை சொன்னபோது
பின்னால் ஆரோ மெல்ல விசிலடித்தார்.
ஐந்தாவது, ஆறு. இடப்பக்கம், கீழே.

கண் எங்கே போனது?
கிட்டே, என்றேன்.

அவள் அதை எழுதவில்லை.
முன்குறி 6,5. தூரம் 300. காற்று இல்லை.

மணி அடித்தது.
கோதுகளைப் பொறுக்கினேன், கடைசி ஐந்தும் இன்னும் சூடு.
எண்ணித்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும் இங்கே.
எட்டு.
கேத்தியும் ஒருமுறை எண்ணினாள்.