விடுவிப்பு, விடுதலை அல்ல

பள்ளி வேன் ஓட்டத்தான் மனுப் போட்டேன்.
பதினோரு பிள்ளைகள், சுங்கை டுவாவிலிருந்து,
போக ஒரு நடை, வர ஒரு நடை.
வேன் பார்த்தாயிற்று. முன்பணம் சீட்டெடுத்த காசு.
பதினோரு பெல்ட்டும் ஒழுங்காய்ப் பூட்டுகிறதா என்று
ஒவ்வொரு இருக்கையிலும் நானே உட்கார்ந்து
இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

பிறகு கடிதம்:
பதிவு உண்டு.

பண்டார் பெர்டா, மாவட்டப் போலீஸ் தலைமையகம்.
எண் நாற்பத்தேழு.
கண்ணாடிக்குப் பின்னால் கார்ப்பரல் ரொஹாயா
திரையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்,
திரையை நம்புகிறார்.
கேஸ் முடியலையே அக்கா, என்றார் மலாயில்.
கோர்ட்டே என்னைப் போகச் சொல்லிடுச்சே?
போகத்தான் சொல்லிச்சு.

அச்சடித்து நீட்டிய தாளில்
இருபத்திரண்டு வருஷத்து வரி ஒன்று:
சாட்சி வரவில்லை. ஆகவே
விடுவிப்பு, ஆனால் விடுதலை அல்ல.

பஸ்ஸில் அதையே மென்றுகொண்டு வந்தேன்.
இரண்டிலும் அதே விடு.
ஒன்று லோக்காப் கதவைத் திறந்ததோடு சரி.
மற்றது வரவே இல்லை.
நடுவில் ஒரு நடைபாதை;
அதில் நின்றுகொண்டேதான்
கல்யாணம் பண்ணியிருக்கிறேன்,
மகனைப் பெற்றிருக்கிறேன்,
தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்திருக்கிறேன்.
யாரும் சொல்லவில்லை.

செய்தது இவ்வளவுதான்:
பின்னால் உட்கார்ந்திருந்தேன்.
மோட்டார் கருணாகரனுடையது.
பிறையில் சாலைத் தடுப்பு, டார்ச் வெளிச்சம்,
சீட்டுக்கு அடியில் இருந்ததை
எனக்கும் அவர்கள்தான் காட்டினார்கள்.
மூன்று இரவு.
இரண்டாம் இரவு பக்கத்து அறையில் ஒருத்தி
விடிய விடிய தும்மிக்கொண்டே இருந்தாள்.
இன்னும் யாராவது தும்மினால்
எனக்குச் சிமெண்டு வாசம் அடிக்கும்.

வக்கீல் குர்மீத் கோர் விரலை மடக்கினார்:
முழு விடுதலை கேட்டு ஒரு மனு.
ஆணை கிடைத்ததும் கைரேகை அட்டையை
அழிக்கச் சொல்லி ஒரு கடிதம்.
எண்ணூறு ரிங்கிட், நாலு தவணை.
பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
ஒரு சிக்கல். கோப்பில் இருப்பது நீ இல்லை.

என் பேர் தவமணி.
அன்றைக்கு எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதி
கடைசியில் ஆங்கிலப் பணத்தை ஒட்டிவிட்டிருக்கிறார்.
மணி, மனி ஆகிவிட்டது.
கையில் ஒரு காசும் வரவில்லை.

ஆகவே அழிப்பதற்கு முன்னால்
அவள் நான்தான் என்று நிரூபிக்க வேண்டும்.
புருஷனிடம் சொல்லாததை,
பிள்ளையிடம் சொல்லாததை,
எனக்கு நானே சொல்லிக்கொள்ளாததை
புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மாடிப்படிக்குக் கீழே
முத்திரை வைத்திருக்கும் மனிதர் முன்னால்
வலது கை தூக்கிச் சொன்னேன்:
கைதானவள் நான். அவளும் நானும் ஒருவரே.
அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
பத்து ரிங்கிட், என்றார்.

ஆணை வந்தது. மறுபடி ரொஹாயா.
ஒப்பிட்டுப் பார்க்க விரல் வைக்கச் சொன்னார்.
இயந்திரம் சிவந்தது.
துடைத்து வைத்தேன், சிவந்தது.
எட்டு வருஷம் பயான் லெப்பாஸில் கரைப்பான்,
அப்புறம் நாசி கண்டார் கடையில் சட்டி;
என் விரலில் ரேகை என்று
சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

அவர் எழுந்து போய்
பழைய அட்டையின் நகலை எடுத்து வந்தார்.
பத்து விரல், கறுப்பு மையில்.
சுழி சுழியாய், ஒரு கோடு பிசகாமல்.
இருபது வயசு.
இவ்வளவு அழகாகவா இருந்தது என் கை?

வேறெங்கும் இல்லை அது.
கல்யாண ஆல்பத்தில் இல்லை,
என்னிடமே இல்லை.

இங்கே கையெழுத்து, அக்கா.
அழிக்கச் சம்மதம் என்று.

பேனா கொஞ்சம் நின்றது.
பின்னால் எண் நாற்பத்தெட்டு இருமினார்.
போட்டேன்.

ஆறு வாரம் ஆகலாம் என்கிறார்கள், எட்டும் ஆகலாம்.
வேன்காரர் மூன்று தரம் போன் பண்ணிவிட்டார்.