கை

பளுகல் ரேஷன் கடையில்
நாலாவது தடவையாக
என் பெருவிரலைப் பிடித்து அழுத்துகிறான் ஜஸ்டஸ்.
மிஷின் யோசிக்கிறது.
சிவப்பு.
"தொடச்சிட்டு வையுங்க எக்கா."
முந்தானையில் துடைத்து வைக்கிறேன்.
நெற்றிப் பிசுக்கில் தேய்த்து வைக்கிறேன்.
சுட்டுவிரல். மோதிரவிரல். இடக்கை.
சிவப்பு, சிவப்பு.
பின்னால் யாரோ
மண்ணெண்ணெய்க் கேனைக் கைமாற்றிக்கொள்கிறார்கள்.

இருபத்தாறு வருடம் அண்டியாபீஸ்.
வறுத்த கொட்டையைத் தட்டித் தட்டி
தோட்டெண்ணெய் தின்றதுபோக
விரல்நுனியில் மிச்சம்
தேய்ந்த சோப்பின் வழுவழுப்பு.
சாம்பல் பூசித்தான் உட்காருவோம்.
ஆனாலும் ராத்திரி சோறு பிசையும்போது
உப்பு எங்கே இருக்கிறதென்று
கை சொல்லிவிடும்.

இந்த மாத அரிசி எனக்கில்லை.
சாயங்காலம் வெள்ளறடை பஸ்ஸில்
எவளோ ஒருத்தியின் சீட்டுக்கடியில்
அது மலையாளக்கரைக்குப் போகும்.
அரிசியிடம் ரேகை கேட்பாரில்லை.

ஞாயிறு பிரசங்கத்தில் தங்க வீதி வந்தது,
முத்து வாசல்கள் வந்தன.
போதகர் நல்லவர், கண் கலங்கச் சொன்னார்.
எனக்குத்தான் ஒட்டவில்லை.
என் தங்கம் களியக்காவிளை அடகுக்கடையில்
நாள் தாண்டிக் கிடக்கிறது.
முத்தை நான் பார்த்ததேயில்லை.

நான் நினைத்துக்கொண்டிருந்தது மரிய புஷ்பத்தை.
பக்கத்துப் பலகையில் பதினெட்டு வருடம்.
புகையில் இருமி, அந்தப் புகையிலேயே சிரித்து,
போன ஆடிச் சாரலில்
மெடிக்கல் காலேஜ் வராந்தாவில் முடிந்துபோனாள்.
பெட்டியில் வைக்கும்போது
இரண்டு கைக்கும் வெள்ளைக் கையுறை போட்டார்கள்.
கையுறை வேண்டுமென்று
ஆபீஸ் வாசலில் எத்தனை தடவை நின்றிருப்போம்
நானும் அவளும்.

நம்புகிறேன்.
எனக்குத் தெரிந்த விதத்தில்தான் நம்ப முடியும்.
ஓட்டைப் பார்த்து உள்ளே பருப்பு உண்டென்று
யாராலும் சொல்ல முடியாது.
கையில் ஏந்தினால் கனம் சொல்லும்.
தட்டினால் பொக்குக் கொட்டை வேறு சத்தம் போடும்.
இத்தனை வருடம் அந்தச் சத்தத்தைப் பிரித்த காது இது.
புஷ்பத்தின் பெட்டிமேல் முதல் பிடி மண் விழுந்தபோது
கேட்டுக்கொண்டே நின்றேன்.
பொக்குச் சத்தம் வரவில்லை.

ஒரு ராத்திரி மட்டும் பயம் வந்தது:
அங்கேயும் வாசலில் விரல் வைக்கச் சொன்னால்?
விடியும்போது சிரிப்பு வந்துவிட்டது.
அங்கே நிற்கிறவருக்கும் கை சரியில்லை.
ஆணி போன இடம்.
உயிர்த்தெழுந்த பிறகும்
அதை மூடிக்கொள்ளத் தோன்றவில்லை அவருக்கு.
அந்தக் கையை நீட்டினால்
பளுகலில் அவருக்கும் ஒரு கிலோ கிடைக்காது.
பார்ப்பார் என் விரலை.
பார்ப்பேன் அவர் கையை.
உள்ளே போ என்பார், அவ்வளவுதான்.

உள்ளே புஷ்பம்
கையுறையைக் கழற்றி எங்கோ வீசியிருப்பாள்.
நாரங்காய் ஊறுகாயை
ஐந்து விரலாலும் அள்ளி நக்கிக்கொண்டு
எரியவேயில்லை பிள்ளே, வா என்பாள்.
வீதி தங்கமா சிமெண்டா என்று
பார்க்க எங்களுக்கு நேரமிருக்காது.

"அடுத்த மாசம் கண்ணு பார்க்கிற மிஷின் வருதாம்,"
என்கிறான் ஜஸ்டஸ், தலையைத் தூக்காமல்.
கண்ணும் புகை பட்டதுதான் தம்பி.
பையை நாலாக மடித்து இடுப்பில் செருகுகிறேன்.
நாளை ஏழரைக்குச் சங்கு.