பாக்கி

லியபாயா துறைமுகச் சந்தையில்
பெட்டியோடு பன்னிரண்டு யூரோவுக்குக் கொடுத்தார்கள்.
ஏழு சுங்கான்கள். ஒன்றுக்குக் காம்பு இல்லை.
ஒன்றில் எலி குடியிருந்திருக்கிறது.

சூடு ஆறிய பிறகே காம்பைத் திருக வேண்டும் என்பார்கள்.
இவை ஆறிப் பல வருஷம்.
இருந்தும் கை பயப்படுகிறது.
கிறீச்சென்று கழன்றதும்
பஞ்சுக் கம்பியை விட்டு இழுத்தேன்:
முதல் கம்பி தார்,
இரண்டாவது தேநீர்,
ஒன்பதாவது வெள்ளையாக வந்தபோது
வெளியே டிராம் விளக்குப் போட்டிருந்தது.

கிண்ணத்துக்குள் கரி.
முழுக்கச் சுரண்டினால் மரம் தீய்ந்துவிடும்,
ஒரு காசுக் கனம் விட வேண்டும்.
செல்லாமல் போன லாட் ஒன்று வைத்திருக்கிறேன்,
சால்மன் மீன் துள்ளுகிறது அதில்.
அதன் விளிம்பை வைத்து அளப்பேன்.
பிறகு உப்பைக் கொட்டி,
மருந்துக்கடைச் சாராயத்தை ஊற்றி,
ராத்திரி முழுக்கச் சும்மா விடுவது.
காலையில் உப்பு
மார்ச் மாதத்துத் தெருப்பனி மாதிரி கிடக்கும்.

காம்புகளில் பச்சை பூத்திருந்தது.
என் தொழில் பல் செய்வது;
தேய்க்கிற தாளுக்கும் மெருகு மாவுக்கும் பஞ்சமில்லை.
ஐந்தாவது காம்பைத் தேய்க்கும்போது
கட்டைவிரல் நின்றது.
இடது பக்கம் ஒரு குழி.
கோரைப்பல். கொஞ்சம் உள்வாட்டம்,
அரை மில்லிமீட்டர் அதிகம்.

அந்த அரை மில்லிமீட்டர் என்னுடையது.

இழுவைப்படகு ஓட்டிய தாலிவால்டிஸ்.
பீங்கான் பல், நாற்பது லாட்.
"நீளமாக இருக்கிறது, இடிக்கிறது,
சரிபண்ணிக் கொடு, அப்புறம் பணம்" என்று போனவர்
வரவே இல்லை.
தெருவில் என்னைப் பார்த்தால்
எதிர்ப்பக்கம் மாறிவிடுவார்,
வாயில் புகையோடு.

கெட்டி ரப்பருக்கு ஞாபகசக்தி உண்டு.
விளக்குச் சூட்டில் காட்டினால்
கடிபட்ட இடம் தானாக எழும்பி
பழைய மட்டத்துக்கு வந்துவிடும்.
காட்டினேன்.
கீழ்ப்பல் தடம் எழும்பியது,
முன்பல் தடம் எழும்பியது,
கந்தக வாடை எழும்பியது.
என் குழி மட்டும் அப்படியே.
இருபது வருஷக் கடி.

இடிக்கிறது என்று சொன்ன பல்லில்தான்
மனிதர் மாட்டி வைத்திருந்திருக்கிறார்.
அலையடிக்கிற நாளில்
இரண்டு கையும் சுக்கானில்,
சுங்கான் என் பல்லில்.

கறுப்புப் பசை வைத்து அடைக்கலாம்.
டப்பாவைத் திறந்தேன், மூடினேன்.
மெழுகு மட்டும் தடவி வைத்திருக்கிறேன்.
மற்றதெல்லாம் முப்பது யூரோ.
இது எண்பத்தேழு.
நாற்பது லாட்டை மாற்றிக் கூட்டிப் பாருங்கள்,
வட்டி போடவில்லை.
ஏன் இந்த விலை என்று யாராவது கேட்டால்
முதலில் அவர்களை
வாயைத் திறக்கச் சொல்வேன்.